மாகறலைத் தாண்டாத கார்

“இவன மொதல்ல போலீஸ்ல புடிச்சிக் குடுக்கணும். அதுக்கு முன்னால நீ வண்டியப் பாத்துடு சுகிர்தா,” என்றார் வேதாசலம்.

‘இவன்’ என்று அவர் விரல் நீட்டிய இடத்தில் டிரைவர் ஜெகன் நின்றிருந்தான். குற்றவாளிக்கு உண்டான களை எதுவும் அவன் முகத்தில் இல்லை. காலையில் நாஷ்டா சாப்பிடாத களை மட்டும் இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே இருக்கிறது சுகிர்தா ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ். மனிதர்கள் செய்யும் திருட்டையும் துரோகத்தையும் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஒயர்கள் செய்வதை சுகிர்தா பார்த்துக்கொள்வாள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பேனட்டுக்குள் தலையை விட்டாள் என்றால், உண்மை வெளியே வந்த பிறகுதான் அந்தத் தலை வெளியே வரும். கூட ஒத்தாசைக்கு ஏகாம்பரம். பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் ஒருநாள் நின்றுபோனது. ஏகாம்பரத்தின் வாய் நிற்கவில்லை.

“போலீஸ்ல குடுக்கறதுன்னா கூட்டிக்கினு போவ ஒரு வண்டி வேணும் ஐயா. உங்க வண்டிதான் பாதி வழியில நின்னுடுதே,” என்றார் ஏகாம்பரம்.

வேதாசலம் முறைத்தார். நஞ்சையும் புஞ்சையும் கிணறும் மீசையும் உள்ளவர். முறைப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி தாயாரம்மாள், பட்டுப்புடவையும் மடியில் பூப்பந்துமாக உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் புறப்பட்டவர்கள், போகிற வழியில் இங்கே காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

“போறப்ப எங்க வந்து நிக்குது?” என்றாள் சுகிர்தா.

“மாகறல்ல.”

“மாகறல்ல எங்க?”

வேதாசலம் வாயைத் திறந்தார். மூடினார். அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்பது அவர் வைத்திருந்த விரதங்களில் ஒன்று.

“சுப்ரமணி வூட்டாண்ட,” என்றான் ஜெகன்.

சுப்ரமணி யார் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாயாரம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். வேதாசலத்துக்கு மச்சான். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. சுப்ரமணியின் மகள் ஸ்வேதாவின் கல்யாணத்தில்தான் வினை வந்தது. மண்டப வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் சொந்தபந்தங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். வேதாசலத்தின் படம் கீழ்வரிசையில், ஓரத்தில், ஃப்ளெக்ஸ் கட்டிய கம்பிக்குப் பின்னால் பாதி முகமாகப் போய்விட்டது. கம்பி கட்டியவன் செய்த வேலை. ஆனால் சண்டைக்கு வந்தவர்கள் கம்பி கட்டியவனைத் தேடுவதில்லை. “இந்த வூட்டு வாசப்படிய இனிமே மிதிச்சா நான் வேதாசலம் இல்ல,” என்று அங்கேயே சபதம் போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்துவிட்டார். அன்றிலிருந்து கொடுக்கல் வாங்கல், பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. தாயாரம்மாளுக்கும் கிடையாது.

“போன மாசத்துலேருந்து, காஞ்சிபுரம் போவும்போதெல்லாம் சரியா அந்த வூட்டு எதிர்ல வந்து வண்டி செத்துப் போவுது,” வேதாசலத்தின் மீசை துடித்தது. “உடனே உள்ளேருந்து மோரு வருது, நாற்காலி வருது. வண்டி நின்னு போய் நடுரோட்டுல நிக்கறவனுக்குத் தண்ணி குடுக்கறது பகையாளி வூடா இருந்தாலும் வழக்கம். குடுத்தத வேணாங்கறதும் தப்பு. வேற வழியில்லாம குடிச்சிக்கினு உக்காந்துகீறேன். ஊரே பாக்குது. எம் மச்சான் எனக்கு மோரு குடுத்து அசிங்கப்படுத்தறான்!”

“அதுக்கு ஜெகன் இன்னா பண்ணான்?”

“கைக்கூலி வாங்கிக்கினு கீறான்! அந்த சுப்ரமணிதான் இவன்கிட்ட சொல்லி, கரெக்டா வூட்டு வாசல்ல நிறுத்தச் சொல்றான்.”

“எங்கம்மா சத்தியமா இல்ல ஐயா,” என்றான் ஜெகன். ஊர் இப்போதே அவனை ‘மாகறல் ஸ்டாப்பிங்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஓட்டுகிற வண்டியை நிறுத்துகிறவன் என்று பேர் வாங்கினவனுக்கு இந்த ஜில்லாவில் ஆட்டோ சாவி கூடக் கொடுக்கமாட்டார்கள்.

“இன்னிக்கு முடிவு தெரியணும்,” என்றார் வேதாசலம். “கோளாறு வண்டியிலயா, இவன்கிட்டயா? இவன்கிட்டன்னா சாவிய இந்த மேசை மேல வச்சிட்டுப் போவட்டும்.”

சுகிர்தா ஸ்கேனரை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் சொருகினாள். வண்டியின் கம்ப்யூட்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பழைய புகார்களை ஒப்பித்தது. எல்லாம் ஒரே புகார்: த்ராட்டில் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு.

“அந்த சென்சாரத்தான் மெக்கானிக் தேவராஜ் மாத்திட்டானே! புதுசு!” என்றார் வேதாசலம்.

“மாத்துனதுக்கு அப்புறமும் நின்னுதுல்ல?”

“நின்னுது.”

“அப்ப சென்சாரு நிரபராதி,” என்றாள் சுகிர்தா.

ஏகாம்பரத்துக்கு இந்த இடத்தில் விளக்கம் வேண்டும். விளக்கம் கேட்காமல் அவரால் வேலை பார்க்க முடியாது. “மொதலாளி, அந்த சென்சாரு இன்னா பண்ணும்?”

“ஆக்ஸிலேட்டர எவ்ளோ அமுக்குறோம்னு கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். கம்ப்யூட்டரு அதுக்கு ஏத்தா மாதிரி பெட்ரோல் விடும். சென்சாருக்கு மூணு ஒயரு. ஒண்ணுல கம்ப்யூட்டரு அஞ்சு வோல்ட்டு அனுப்புது. அதுதான் சென்சாருக்குச் சோறு. இன்னொண்ணுல சென்சாரு சேதிய அனுப்புது. மூணாவது எர்த்து.”

“சோறு கம்மியானா?”

“சேதி தப்பாப் போவும். டிரைவரு நல்லா அமுக்கிக்கினு இருப்பான். கம்ப்யூட்டரு, ‘இவன் கால எடுத்துட்டான் போல’ன்னு நெனச்சி இன்ஜின இழுத்துப் புடிச்சிடும்.”

“எங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரு இப்படித்தான். அவரு சாப்புடலன்னா யார் கையில டிக்கெட் இருந்தாலும் ஒத்துக்கமாட்டாரு.”

சுகிர்தா மல்டிமீட்டரின் முள்ளைச் சென்சாரின் சோற்று ஒயரில் வைத்தாள். அஞ்சு. ஒயரை ஆட்டினாள், அசைத்தாள், இழுத்தாள். அஞ்சு. பேனட்டைத் தட்டினாள். அஞ்சு. ஏகாம்பரம் பம்பரைப் பிடித்துக் குலுக்கினார். மீட்டர் அசரவில்லை.

“தப்பு பண்றவன் நம்ம கண்ணு முன்னால பண்ணுவானா?” என்று சொல்லிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினாள். “ஜெகன், நீ தனியா காஞ்சிபுரம் போனப்ப நின்னுகீதா?”

“இல்லக்கா. மூட்டை ஏத்திக்கினு எத்தினியோ வாட்டி போயிகீறேன். ராஜகுளம், ஏனாத்தூர்லாம் போய்ட்டு வந்தேன். ஒரு தும்மல் கூடப் போடல.”

“ஐயாவும் நீயும் மட்டும் போனப்ப?”

“நிக்கல.”

“ஐயாவும் அம்மாவும் போனப்ப?”

“அப்ப மட்டுந்தான் நிக்குது.”

ஏகாம்பரம் தாயாரம்மாளை மேலும் கீழும் பார்த்தார். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. “எடை கூடிப் போச்சோ?” என்று ஆரம்பித்தவர், சுகிர்தாவின் பார்வையைப் பார்த்துவிட்டு, “பூப்பந்தோட எடையச் சொன்னேன்,” என்றார்.

“யார் யார் எங்க உக்காருவீங்க?”

“அம்மாவுக்கு வாந்தி வரும்னு முன்னாடி உக்காருவாங்க. ஐயா பின்னாடி.”

“நான் முழிச்சிக்கினு கவனமாதான் வருவேன்,” என்றார் வேதாசலம்.

“வேடபாளையம் தாண்டறதுக்குள்ள கொறட்டை வந்துடும்,” என்றார் தாயாரம்மாள். கடைக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“நின்ன வண்டி மறுபடியும் எப்படிக் கெளம்பும்?”

ஜெகன் பயபக்தியோடு குரலைத் தாழ்த்தினான். “அதுதான்க்கா அதிசயம். நான் சாவியப் போட்டுப் போட்டுத் திருப்புவேன். எடுக்காது. மோரு குடிச்சி, பேசி, எல்லாம் ஆன பின்னால அம்மா வந்து முன்சீட்ல உக்காந்து, டேஷ்போர்டுல கீற அம்மன் காலத் தொட்டுக் கும்புட்டு, ‘இப்ப எடுப்பா’ம்பாங்க. டக்குனு எடுத்துக்கும்.”

தாயாரம்மாள் பூப்பந்தைப் பிரித்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

“சரி, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வரோம்,” என்று சுகிர்தா எழுந்தாள்.

“நானும் வரேன்,” தாயாரம்மாளும் எழுந்தார்.

“நீ உக்காரு,” என்றார் வேதாசலம். தாயாரம்மாள் உட்கார்ந்தார். ஆனால் அந்த முகத்தில் வந்து போனது என்ன என்று சுகிர்தாவுக்கு உடனே பிடிபடவில்லை. வண்டி நிற்கிற இடத்துக்கு வண்டியோடு போக ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் குறைவு.

ஜெகன் ஓட்டினான். ஏகாம்பரம் முன்சீட்டில் வேதாசலத்தின் சம்சாரம் உட்காரும் இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சுகிர்தா பின்சீட்டில். பேனட்டுக்குள்ளிருந்து நீண்ட ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மல்டிமீட்டரில் சேர்த்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அஞ்சு. மேடு, பள்ளம், எதிரே வந்த நெல் அறுக்கும் மெஷினுக்காக ஓரங்கட்டியது, எதற்கும் அஞ்சு.

“வண்டி நிக்கணும்னு வேண்டிக்கறதா, நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறதா?” என்றார் ஏகாம்பரம்.

“நின்னாத்தான் கண்டுபுடிக்க முடியும்.”

“எங்க பஸ்ல இதுக்கு நேர் எதிரு.”

மாகறல் வளைவு வந்தது. மரங்களுக்கு மேலே சிவன் கோயில் கோபுரம் தெரிந்தது. ஏகாம்பரம் பரபரவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோபுரம் பெரிதாக இருந்ததால் அது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, டேஷ்போர்டு மேலிருந்த அம்மனையும் தொட்டுக் கும்பிட்டு, அம்மனின் காலடியில் இருந்த சிறிய சுவிட்சைத் தட்டிவிட்டார். அம்மன் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைக்குப் பின்னால் இருந்த தங்கநிறச் சக்கரம் விர்ரென்று சுற்றியது.

மடியில் இருந்த மீட்டர் அஞ்சிலிருந்து இரண்டுக்கு விழுந்தது.

வண்டி இருமியது, குலுங்கியது, சுப்ரமணி வீட்டு வாசலுக்கு எதிரே போய் நின்றது.

“நான் ஒண்ணியும் பண்ணலக்கா!” என்று இரண்டு கையையும் தூக்கினான் ஜெகன்.

“அண்ணே, இப்ப இன்னா பண்ணீங்க?”

“கும்புட்டேன். அது ஒரு குத்தமா?”

“மறுபடியும் கும்புடுங்க. கன்னத்துல மட்டும்.”

ஏகாம்பரம் போட்டுக்கொண்டார். மீட்டர் இரண்டிலேயே இருந்தது.

“இப்ப அந்த சுவிட்ச அணைங்க.”

விளக்கு அணைந்தது. அஞ்சு. “போடுங்க.” இரண்டு. “அணைங்க.” அஞ்சு.

“மொதலாளி,” ஏகாம்பரம் நெஞ்சை நிமிர்த்தினார், “கேஸ நான்தான் கண்டுபுடிச்சேன். போர்டுல என் பேரையும் எழுதிடுங்க.”

சுகிர்தா முன்பக்கம் வந்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றினாள். அதற்குப் பின்னால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் குடியிருந்தது. அதிலிருந்து புறப்படும் ஒயர்க் கட்டில் ஒரு ஒயரைச் சீவி, அதன் மேல் அம்மன் விளக்கின் ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சென்சாருக்கு என்று கம்ப்யூட்டர் அளந்து அனுப்பும் அஞ்சு வோல்ட்டு அதுதான். கைக்குழந்தைக்கு வைத்த பாலில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

அப்போது சுப்ரமணி வீட்டுக் கதவு திறந்தது. சுப்ரமணியின் மனைவி பொன்னியம்மாள் ஒரு கையில் மோர்ச்சொம்பும் இன்னொரு கையில் வடைத்தட்டுமாக, “அய்யய்யோ, இன்னிக்கும் நின்னுடுச்சா, அட பாவமே,” என்று மனப்பாடச் செய்யுள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். முன்சீட்டுக்குள் குனிந்து பார்த்தார். அங்கே ஏகாம்பரத்தின் மீசை இருந்தது. பொன்னியம்மாளின் முகம் வாடியது.

“எங்க, எங்க நாத்தனா வரலியா?”

“ஏன், நான் வந்தா ஆவாதா?” என்று ஏகாம்பரம் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போட்டவர் ஆடினார். “ஹா... ஹா... சுடுது!”

சுகிர்தாவின் கை நின்றது. “அண்ணே, வண்டி நின்னு எவ்ளோ நேரம் கீது?”

“இப்பத்தான. வாயில போட்டது ஆறல, அதுக்குள்ள கேக்கறீங்க.”

“உளுந்து ஊறவச்சி, ஆட்டி, வெங்காயம் அரிஞ்சி போட்டு, எண்ண காய்ஞ்சி... இதெல்லாம் வண்டி நின்ன பின்னாலயா நடந்துது?” அவள் பொன்னியம்மாள் பக்கம் திரும்பினாள். “வண்டி இன்னிக்கு நிக்கும்னு உங்களுக்குக் காலையிலயே தெரியும். இல்லம்மா?”

பொன்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். வானத்தைப் பார்த்தார். “அடுப்புல எண்ண காயுது,” என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் உள்ளே போய்விட்டார். சொம்பையும் தட்டையும் பேனட் மேலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஜெகனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. “அக்கா, கோளாறு வண்டியிலதான! என் வேல தப்பிச்சுது!” அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுகிர்தாவுக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு அவள் சந்தோஷப்படாதது அதிசயம். ஏகாம்பரம் இரண்டாவது வடையை ஊதிக்கொண்டே கேட்டார், “கோபுரத்தப் பாத்து லைட் போட்டது அந்தம்மாதான? கும்புடறா மாதிரி அணைச்சதும் அவங்கதான?”

“ஆமா. மொத வாட்டி தெரியாம போட்டிருப்பாங்க. வண்டி நின்னுது, அண்ணி மோரு எடுத்துக்கினு வந்தாங்க. அடுத்த வாட்டிலேருந்து தெரிஞ்சே போட்டாங்க.”

“ஐயாகிட்ட சொல்லப் போறீங்களா?”

“ஒயரப் பத்திச் சொல்லுவோம்ணா. வெரலப் பத்திச் சொல்ல வேணாம்.”

கடைக்குத் திரும்பியதும் ஒயரைப் பற்றித்தான் சொன்னாள். “இந்த லைட்ட யாரு ஐயா மாட்டுனது?”

“நான்தான்!” வேதாசலம் பெருமையாகச் சொன்னார். “சார்ஜர்ல சொருகற லைட்டு. சொருகுனா ஒயரு அசிங்கமா தொங்குதுன்னு, திருவிழாவுக்குப் பந்தல் லைட் கட்ட வந்தவனப் புடிச்சி, உள்ளயே எங்கனா குடுத்துடுப்பான்னேன். டெஸ்டர வச்சித் தடவித் தடவி, அஞ்சு வோல்ட்டு எங்க வருதுன்னு கண்டுபுடிச்சிக் குடுத்துட்டான். கெட்டிக்காரன்.”

“அந்தக் கெட்டிக்காரன் சென்சாரோட சோத்துல கைய வச்சிட்டான். லைட் போட்டா வண்டி நிக்கும். அவ்ளோதான். ஜெகன் மேல தப்பு இல்ல.”

வேதாசலம் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு அவர் கண் பளபளத்தது. ஒரு கடையில் இரண்டு துப்பறிவாளர்கள் இருக்கக் கூடாது.

“லைட் போட்டா நிக்குது. போடலன்னா நிக்காது. அப்படித்தான?”

“ஆமா ஐயா, ஆனா...”

“அப்ப மாகறல் வளைவு வந்ததும் எவனோ லைட் போடறான். நான் பின்னாடி கீறேன். முன்னாடி கீறவன் எவன்?” அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “டேய் ஜெகன்! இதான்டா உன் டெக்னிக்கு! சுவிட்சு போட்டு நிறுத்திகீற! கையும் களவுமா மாட்டிக்கினியா? சாவிய வைடா மேசை மேல!”

கண்டுபிடித்தால் தப்பிக்கலாம் என்று நம்பியிருந்த ஜெகன், கண்டுபிடித்ததாலேயே கவிழ்ந்தான். சாவியை எடுத்தான். மேசையில் வைத்தான்.

சுகிர்தா வாயைத் திறந்தாள். சொன்னால் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு பையனின் சோறு போகும். இப்படியொரு கோளாறுக்கு அவளிடம் மீட்டர் இல்லை.

“சாவிய எடுத்து அவன்கிட்ட குடுங்க,” என்றார் தாயாரம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“முன்னாடி நானும்தான் உக்காந்துகீறேன். லைட்ட போட்டது நான்தான்.”

“நீயா? எதுக்கு?”

“உங்களுக்குத்தான் சபதம். எனக்கு இன்னா சபதம்? எங்கண்ணன் வூட்டத் தாண்டி ஒவ்வொரு வாட்டியும் போறப்ப, நீங்க கொறட்டை வுட்டுக்கினு போறீங்க. நான் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போறேன். வாசப்படிய மிதிக்காதன்னீங்க. நான் மிதிச்சனா? நடுரோட்டுல நின்னேன். ரோடு ஹைவேஸ்காரனுது.” குரல் உயரவில்லை. பூப்பந்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. “ஸ்வேதாவோட கொழந்த மொகத்த நான் மொதமொதல்ல பாத்ததே, நீங்க பேனட்டத் தொறந்து வச்சிக்கினு இவனத் திட்டிக்கினு இருந்தப்பத்தான். இவன் வேல போவும்னு எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அதுலேருந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கீறேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.”

வேதாசலம் திட்டுவதற்காக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது.

“அப்ப அந்த மோரு?” என்றார்.

“எந்த மோரு?”

“உங்கண்ணி குடுக்கற மோரு. அதுல பெருங்காயம், இஞ்சி, எல்லாம் அளவா கீதே. உப்பு கூடக் கம்மியா...”

“உங்களுக்குன்னு தனியாப் போடறதுதான். உங்களுக்கு பிரசர் கீது, உப்பு ஆவாதுன்னு நான் சொல்லிகீறேன். நாம கெளம்பற அன்னிக்குக் காலையிலயே போன்ல சேதி சொல்லிடுவேன். எங்கண்ணன் காலையிலேருந்து அந்தச் சொம்ப ஈரத்துணியில சுத்தி வச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு இருப்பாரு.”

ஏகாம்பரம் எதையோ சொல்ல வந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டார்.

வேதாசலம் வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “அந்த ஒயர வெட்டி வுடு சுகிர்தா,” என்றார். “ஜெகன், சாவிய எடு. வளைகாப்புக்கு நேரமாவுது.”

சுகிர்தா திருட்டு ஒயரைக் கழற்றி, சீவிய இடத்தை ஈயம் வைத்து மூடி, அம்மன் விளக்குக்கு ஃப்யூஸ் வைத்துத் தனி லைன் கொடுத்தாள். “நீங்களும் வாங்க. வழியில நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்,” என்று வேதாசலம் அவளையும் ஏகாம்பரத்தையும் பின்சீட்டில் தன்னோடு ஏற்றிக்கொண்டார்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வேடபாளையம் தாண்டியது, குறட்டை வரவில்லை. மாகறல் வளைவு வந்தது, கோபுரம் தெரிந்தது. தாயாரம்மாளின் கை மடியிலேயே கிடந்தது. சுப்ரமணி வீட்டுக் கதவோரம் பொன்னியம்மாள் நின்றிருந்தார். வண்டி தும்மவில்லை, இருமவில்லை. வீட்டைத் தாண்டியது. நன்றாக ஓடும் இன்ஜின் மேல் சுகிர்தாவுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. தாயாரம்மாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

“நிறுத்துடா!”

ஜெகன் பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டான். “ஐயா, நான் ஒண்ணியும் பண்ணல! வண்டி நல்லாத்தான் கீது!”

“தெரியும். ரிவர்ஸ் எடு.”

வண்டி பின்னால் வந்து வாசலுக்கு எதிரே நின்றது.

“பேனட்டத் தொற.”

“பேனட்டுல ஒண்ணியும்...”

“தொறடா.”

வேதாசலம் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேனட்டுக்குள் குனிந்தார். ஜெகனும் குனிந்தான். அவர் அவன் காதோரம் சொன்னார்: “இன்னிலேருந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வண்டி இங்க நின்னே ஆவணும். நிக்கலன்னு வையி, அன்னிக்கே உன் வேல போச்சு.”

“நிக்கும் ஐயா,” என்றான் ஜெகன். “கண்டிப்பா நிக்கும்.”

சுப்ரமணி ஒரு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். “இன்னா மாப்ள, இன்னிக்குமா?”

“இன்னிக்குந்தான் மச்சான். பேஜார் புடிச்ச வண்டி.”

சுப்ரமணி பின்னால் இறங்கியவர்களைப் பார்த்தார். “சுகிர்தா கூட வந்துகீதே. அது பாத்துமா நிக்குது?”

“பாத்தா மட்டும் ஆயிடுமா? இவங்களுக்கெல்லாம் இன்னா தெரியுது?” என்றார் வேதாசலம், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

சுகிர்தாவின் காது இரண்டும் சிவந்தன. ஏகாம்பரம் அவள் முழங்கையைப் பிடித்தார். “முழுங்கிடுங்க மொதலாளி. மோரக் குடிச்சித் தொண்டைய நனைச்சிக்கலாம்.”

“எவ்ளோ நேரம் ஆவும்மா சரி பண்ண?” என்று கேட்டார் சுப்ரமணி.

சுகிர்தா வாசல் பக்கம் பார்த்தாள். தாயாரம்மாள் ரோட்டைத் தாண்டியிருந்தார். படிக்கு ஒரு சாண் இப்பால் நின்றபடி, பொன்னியம்மாள் நீட்டிய குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் தலையை முகர்ந்துகொண்டிருந்தார். வேதாசலமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய ஃபால்ட்டுங்க,” என்றாள் சுகிர்தா. “மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஆவும்.” நெற்றி டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஒரு கோளாறும் இல்லாத அந்த இன்ஜினுக்குள் தலையை விட்டாள்.